கொய்யாவில் ஈயம் இருக்குமா? பிள்ளைக்குப் பழத்தை நிறுத்த வேண்டுமா?

கோட்டையூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். நான்கு வயது மகள். பூர்வீக வீட்டின் தெருச் சுவரை ஒட்டி ஒரு கொய்யா மரம் நிற்கிறது. கடைகளில் வாங்கும் பழங்களில் ஈயமும் காட்மியமும் இருக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்துவிட்டு, இரண்டு வாரமாகப் பிள்ளைக்கு எந்தப் பழமும் கொடுக்கவில்லை. மரத்தில் பழுத்ததைக்கூடக் கொடுக்க விடவில்லை என்று பிள்ளையின் அப்பத்தாவுக்கு வருத்தம். உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், வினிகர் எதிலாவது ஊற வைத்தால் சரியாகுமா, அல்லது பழத்தையே விட்டுவிட வேண்டுமா என்பது கேள்வி. உலோகத்தைப் பற்றிக் கேட்பது போல இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான்: என் கையால் நான் கொடுக்கும் பழம் என் பிள்ளையைக் கெடுக்குமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

காரைக்குடியில் பகுப்பாய்வு வேதியியலில்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. தண்ணீர், மண், உணவு ஆகியவற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் உலோகங்களை அளப்பது என் தொழில். நான் மருத்துவர் அல்ல. உங்கள் வீட்டு மண்ணை அளந்தவனும் அல்ல. அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்: பழத்தை நிறுத்த வேண்டாம். உங்கள் வீட்டைப் பொறுத்தவரை மரத்தின் மேல் தொங்கும் பழத்தைவிட மரத்தடி மண்ணையும், பழத்தை நறுக்கி வைக்கும் தட்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மண்ணில் இருக்கும் ஈயம் எல்லாம் பழத்துக்குப் போய்விடுவதில்லை. ஈயம் மண்துகளை இறுகப் பிடித்துக்கொள்ளும் உலோகம். நம் பக்கத்துச் செம்மண்ணிலும் செம்புறாங்கல் சரளையிலும் இரும்பு ஆக்ஸைடு நிறைய. அது ஈயத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். தப்பித்து வேருக்குள் நுழைவதிலும் பெரும்பகுதி வேரிலேயே நின்றுவிடும். வேரின் உள்ளடுக்கில், தண்ணீர் செல்லும் குழாய்களுக்கு முன்னால், மெழுகு போன்ற ஒரு தடுப்பு இருக்கிறது. அதையும் தாண்டியது தண்டிலும் இலையிலும் தங்கும். பழத்துக்குச் சத்து பெரும்பாலும் இலையிலிருந்து இறங்கும் சாறு வழியாக வருகிறது. அந்தச் சாற்றில் ஈயம் எளிதாக நகராது. இதனால்தான் ஒரே மண்ணில் வளர்ந்தாலும் கிழங்கிலும் கீரையிலும் கூடுதலாகவும், மரத்துப் பழத்தில் மிகக் குறைவாகவும் உலோகம் காணப்படுகிறது. இது திரும்பத் திரும்ப அளந்து உறுதியான விஷயம்.

காட்மியம் கொஞ்சம் வேறு மாதிரி. துத்தநாகமும் சுண்ணாம்புச் சத்தும் போகும் வாசல் வழியாகவே செடிக்குள் நுழைந்துவிடும்; மண் புளிப்பாக இருந்தால் இன்னும் எளிதாக ஏறும். பாஸ்பேட் உரத்தோடு சிறிதளவு காட்மியமும் வயலுக்கு வருகிறது. ஆனால் அதுவும் இலை, கிழங்கு, தானியம், விதை ஆகியவற்றில்தான் அதிகம் சேரும். சதைப் பழத்தில் குறைவு. ஆர்சனிக்கை நினைத்துக் கவலைப்படுவதாக இருந்தால் பழத்தைவிட அரிசியைத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்கிய நெல் வயலில் இரும்பு கரையும்போது அது பிடித்து வைத்திருந்த ஆர்சனிக்கும் சேர்ந்து விடுபடும். பாதரசத்துக்குப் பெரிய மீன்கள்தான் முதல் வழி.

கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உலக அளவில் உணவுத் தரம் வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு பெரும்பாலான பழங்களுக்கு வைத்திருக்கும் ஈய வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். அந்த வரம்பைத் தொட்டு நிற்கும் ஒரு கொய்யாவில் 100 கிராம் சாப்பிட்டால் 10 மைக்ரோகிராம் (ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரோகிராம்) ஈயம் உள்ளே போகும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குழந்தைகளுக்கு, எல்லா உணவும் சேர்த்து, ஒரு நாளைக்கு 2.2 மைக்ரோகிராம் என்று ஒரு கவனிப்பு அளவை வைத்திருக்கிறது. அதாவது சட்ட வரம்புக்குள் இருப்பதாலேயே ஒரு பழம் பிள்ளைக்கு ஏற்றது என்று ஆகிவிடாது. சரி, அப்படியென்றால் பயப்பட வேண்டுமா? இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள். முதலாவது, அந்த 2.2 என்பது 10 மடங்கு பாதுகாப்பு இடைவெளி விட்டு வகுத்தது. இரண்டாவது, வரம்பு என்பது ‘இதற்கு மேல் போனால் விற்கக் கூடாது’ என்ற கோடு. சாதாரணமாக ஒரு பழத்தில் எவ்வளவு இருக்கும் என்பதை அது காட்டாது. அதே அமெரிக்க நிர்வாகம் 2018 முதல் 2020 வரை கடை உணவுகளை வாங்கிச் சோதித்ததில் நூற்றுக்கு 85 மாதிரிகளில் ஈயம் கண்டறியும் அளவுக்கே இல்லை. அது அவர்கள் ஊர்க் கணக்கு. நம் சந்தைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் செடியின் உடற்கூறு எந்த ஊரிலும் ஒன்றுதான்.

ஈயத்துக்கு ‘இவ்வளவு வரை கெடுதல் இல்லை’ என்று ஒரு அளவு கிடையாது என்பதும் உண்மைதான். முன்பு உடல் எடைக்கு ஏற்ப வாரத்துக்கு இவ்வளவு தாங்கலாம் என்று ஒரு கணக்கு இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு அதை 2010ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் உடலில் சேரும். சின்னப் பிள்ளைகளுக்கோ பாதி வரை சேரலாம். அதனால் உங்கள் கவலை நியாயமானது. எந்த வாசலைக் காவல் காப்பது என்பதில்தான் அந்த வீடியோ உங்களைத் திசை மாற்றிவிட்டது.

பழத்தில் ஈயம் கூடுதலாகக் காணப்பட்டால் பெரும்பாலும் அது தோலின் மேல் ஒட்டிய தூசிதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கே இது புரிய ஒரு கொய்யா தேவைப்பட்டது. சாலையோர மரத்திலிருந்து பறித்து வந்த பழங்களை அப்படியே அரைத்து, அமிலத்தில் கரைத்து அளந்தேன். ஈயம் எதிர்பார்த்ததைவிட வெகுவாகக் கூடுதல். மூத்தவர் ஒருவர், “பழத்தை அளந்தாயா, ரோட்டை அளந்தாயா?” என்று கேட்டார். அதே மரத்துப் பழங்களைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி மறுபடி அளந்தபோது பெரும்பகுதி காணாமல் போயிருந்தது. அப்புறம் எந்த ஆய்வு முடிவைப் படித்தாலும் மாதிரியைக் கழுவினார்களா, தோலோடு அளந்தார்களா என்று முதலில் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பயமுறுத்தும் வீடியோக்களில் அந்த ஒரு வரி இருப்பதே இல்லை.

அந்தத் தூசியில் ஈயம் எப்படி வந்தது? இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில்தான் முற்றிலும் நின்றது. அதுவரை வண்டிப் புகையோடு வெளிவந்த ஈயம் சாலை ஓரத்து மேல்மண்ணில் படிந்தது. அது மழையில் கரைந்து ஓடிவிடும் பொருள் அல்ல. மேல் சில அங்குலத்திலேயே தங்கிவிடும். வண்டி போகப் போகத் தூசியாகக் கிளம்பி மறுபடி படியும். ஆனால் உங்கள் தெரு கோட்டையூரின் உள்தெரு; புகை கக்கும் வண்டிகள் வரிசை கட்டி நின்ற நெடுஞ்சாலை அல்ல. எனவே பெட்ரோலால் வந்த ஈயத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. நான் நினைப்பது பெயிண்ட்.

நம் செட்டிநாட்டு வீடுகளின் சுவர் சுண்ணாம்புப் பூச்சு. அதில் பயம் இல்லை. ஆனால் முகப்பு, பட்டாலை, வளவு என்று எத்தனை கதவு, எத்தனை ஜன்னல் கம்பி, எத்தனை மர அலங்காரம்! தேக்கின் மேல் வார்னிஷ் என்றால் பரவாயில்லை. பச்சை, நீலம், மஞ்சள் என்று எண்ணெய்ப் பெயிண்ட் அடித்திருந்தால் அது வேறு கதை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016ல் வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் அடித்த பெயிண்டில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் ஆயிரக்கணக்கான பிபிஎம் இருப்பது சாதாரணம். கல்யாணமோ, முன்னோருக்குப் படையல் போடும் படைப்போ வருகிறது என்றால் பழைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுச் சுரண்டிப் புதிதாக அடிப்பார்கள். சுரண்டிய தூள் எங்கே போகும்? சுவரடியில், ஜன்னலுக்குக் கீழே, உங்கள் மரம் நிற்கிறதே, அங்கேதான்.

மரம் அதை உறிஞ்சிப் பழத்துக்கு அனுப்பாது. ஆனால் உங்கள் மகள் அந்த மரத்தடியில் உட்கார்ந்து மண்ணில் விளையாடுவாள். கீழே விழுந்த பழத்தை எடுத்துப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கடிப்பாள். நகத்துக்குள் மண் இருக்கும். அந்த விரல் வாய்க்குப் போகும். ஒரு கிராம் மண்ணில் இருக்கும் ஈயம், கிலோக்கணக்கான சுத்தமான பழத்தில் இருப்பதைவிட அதிகமாக இருக்கலாம். இதற்குச் செய்ய வேண்டியது கடினம் அல்ல. சுவரிலிருந்து நாலைந்து அடி தூரத்துக்கு மேல்மண்ணை மூடிவிடுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல செம்மண்ணை அரை அடி போட்டு மேலே புல் வளர விடலாம், சரளையும் பரப்பலாம். சுரண்டும் வேலை நடக்கும்போது பிள்ளை வீட்டில் இருக்க வேண்டாம். காய்ந்த மேனிக்குத் தேய்க்காமல் தண்ணீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லுங்கள், கீழே பாலிதீன் விரிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் விளக்குமாற்றால் கூட்டுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது இந்த விஷயத்தில் பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்தது தட்டு. இதையும் நம் ஊர் என்பதால்தான் விரிவாகச் சொல்கிறேன். பரண் மேலும் பெட்டகத்திலும் வரிசை வரிசையாக எனாமல் சாமான்கள் இருக்கும். பர்மா, மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் காலத்தில் வந்தவை, பெண்ணுக்குச் சீராக வந்தவை. பார்க்க அழகு, எனக்கும் பிரியம். ஆனால் பழைய எனாமலில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களுக்குக் காட்மியம் சேர்ந்த நிறமிகள் பல சமயம் பயன்பட்டிருக்கின்றன, ஈயமும் சேர்ந்திருக்கலாம். அதில் அரிசி அளந்து வைத்தால் ஒன்றும் ஆகாது. நறுக்கிய மாங்காயையோ நெல்லியையோ எலுமிச்சைச் சாற்றையோ வைத்தால் புளிப்பு அந்த மேல்பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ஓரம் உதிர்ந்திருந்தால் இன்னும் மோசம். அலமாரியில் வைத்துப் பாருங்கள், பிள்ளைக்குப் பழம் வைக்க வேண்டாம். ஊறுகாய் போடும் பழைய பீங்கான் ஜாடிக்கும் இதே எச்சரிக்கைதான். உள்பூச்சு வெடித்தோ பொடிந்தோ இருந்தால் அதில் புளிப்பு எதுவும் மாதக்கணக்கில் இருக்கக் கூடாது.

ஈயம் என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது, ஈயச் சொம்பில் ரசம் வைப்பது என்று சொல்வதெல்லாம் வெள்ளீயம். அது நஞ்சு அல்ல. நாம் பயப்படுவது காரீயத்துக்கு (லெட்); இங்கே நான் ஈயம் என்று எழுதுவதெல்லாம் அதைத்தான். சிக்கல் என்னவென்றால் காரீயம் விலை மலிவு, வெள்ளீயத்தோடு நன்றாகக் கலந்துவிடும். பூசுபவர் நல்ல மனிதராக இருந்தாலும் அவருக்குக் கிடைத்த உலோகமே கலப்படமாக இருக்கலாம். தூய வெள்ளீயக் கம்பியை வளைத்தால் நெறுநெறுவென்று ஒரு சத்தம் வரும். காரீயம் காகிதத்தில் பென்சில் போலக் கோடு போடும். பழைய ஆட்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். சிறிய அளவுக் கலப்பு அந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதால் நான் அதை நம்பி இருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வெளியே, பள்ளிக்கூட வாசல் தள்ளுவண்டி. கொய்யாவையும் மாங்காயையும் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, செய்தித்தாளில் வைத்துக் கொடுப்பார்கள். அங்கே பழத்தைவிட எனக்குச் சந்தேகம் தூளின் மேலும் தாளின் மேலும்தான். மஞ்சள் தூளுக்கு நிறம் ஏற்ற லெட் குரோமேட் என்ற ஈயச் சேர்மத்தைக் கலப்பது வங்கதேசத்தில் ஆதாரத்தோடு வெளிவந்தது. 2019ல் அங்கே கடுமையான நடவடிக்கை எடுத்து அடக்கினார்கள். 2023ல் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியது; காரணம் ஆப்பிள் கூழ் பாக்கெட். விசாரித்துப் பார்த்தால் ஆப்பிளில் ஒன்றும் இல்லை. அதில் கலந்த பட்டைத் தூளில்தான் லெட் குரோமேட். செய்தித்தாள் மையிலும் ஈயம் இருக்கலாம் என்ற பேச்சு உண்டு. உணவைச் செய்தித்தாளில் மடிக்கவே கூடாது என்று நம் நாட்டின் 2018 பொட்டல விதிகள் சொல்கின்றன. வண்டிக்காரரிடம் முழுப்பழமாக வாங்கி வந்து வீட்டில் கழுவி நறுக்குங்கள். மிளகாய்த்தூள் உங்கள் வீட்டில் அரைத்ததாக இருக்கட்டும்.

கார்பைட் கல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான் வரும். கால்சியம் கார்பைடால் பழுக்க வைப்பது சட்டப்படி தடை. அதில் ஆர்சனிக்கும் பாஸ்பரஸும் அழுக்காகக் கலந்திருக்கும் என்பது உறுதி. அந்த ஆர்சனிக் பழச் சதைக்குள் எவ்வளவு போகிறது என்பது கல்லின் தரம், பழத்தின் தோல், இரண்டும் ஒட்டி இருந்ததா என்பதைப் பொறுத்து மாறும்; எல்லாப் பழத்துக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. எத்திலீன் வாயுவால் பழுக்க வைப்பது வேறு. 100 பிபிஎம் வரை அனுமதி உண்டு, பழம் தானாகவே வெளிவிடும் வாயுதான் அது. மாம்பழம் எதுவானாலும் கழுவி, தோல் சீவிக் கொடுங்கள். கம்பம் பக்கத்துத் திராட்சையில் நீலப்பச்சைத் திட்டு தெரிந்தால் அது பூஞ்சைக்கு அடித்த தாமிர மருந்தாக இருக்கலாம், காரீயம் அல்ல. கொத்தைப் பிரித்து ஒவ்வொரு பழமாகத் தேய்த்துக் கழுவினால் போகும். மெல்லிய வெண்மை படர்ந்திருப்பது திராட்சையின் சொந்த மெழுகு.

உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீர், வினிகர் என்று கேட்டிருந்தீர்கள். மேலே இருக்கும் தூசிக்கு ஓடும் தண்ணீரும் விரலால் தேய்ப்பதும் போதும். சதைக்குள் இருப்பது எதில் ஊற வைத்தாலும் வராது. நறுக்கிய பிறகு கழுவுவதால் பயன் குறைவு. கத்தி தோலின் தூசியை உள்ளே இழுத்துவிடும். வாழைப்பழத்தைக்கூடக் கழுவிவிட்டு உரியுங்கள், உரித்த கையாலேயே ஊட்டுகிறோம் அல்லவா. உலர்ந்த பழத்துக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். தண்ணீர் வற்றும்போது இருப்பதெல்லாம் செறிவாகும்; தெருவோரம் காய வைத்ததில் தூசியும் சேரும்.

பழத்தை நிறுத்தியதால் வரும் கெடுதலையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கவலை அதில்தான். குடலில் இரும்புச் சத்து உள்ளே போகும் வழியைத்தான் ஈயமும் காட்மியமும் பயன்படுத்துகின்றன. இரும்புச் சத்து குறைந்த பிள்ளையின் குடல் அந்த வழியை அகலத் திறந்து வைத்திருக்கும். அதே சாப்பாட்டிலிருந்து அதிக ஈயம் ஏறும். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி உண்டு. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பைப் பிள்ளையின் உடலில் சேர்ப்பது அதுதான். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அதுவும் ஈயம் ஏறுவதைக் குறைக்கும். வெறும் வயிற்றோடு இருக்கும் பிள்ளைக்கு ஈயம் அதிகம் ஏறும் என்பதும் தெரிந்த விஷயம். ஆக, ஈயத்துக்குப் பயந்து கொய்யாவை நிறுத்தினால் ஈயத்துக்கு எதிராக நிற்கும் ஒரு காவலைத்தான் அனுப்பிவிடுகிறீர்கள்.

வீட்டில் சமீபத்தில் பழைய பெயிண்டைச் சுரண்டியிருந்தால், அல்லது பிள்ளை மண், சுவர்க் காரை தின்கிற வழக்கம் உள்ளவளாக இருந்தால், குழந்தை மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்த்துவிடுங்கள். விரல் நுனி இரத்தத்தில் தோல் தூசி கலந்துவிடும் என்பதால் நரம்பிலிருந்து எடுத்ததே நம்பத் தகுந்தது. டெசிலிட்டருக்கு (100 மில்லி இரத்தத்துக்கு) 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வழி அடைபட்டால் இரத்தத்தில் இருப்பது மாதக்கணக்கில் குறையும்; எலும்பில் சேர்ந்தது மட்டும் பல வருடம் இருக்கும். உடம்பைச் சுத்தம் செய்யும் பொடி என்று விற்பதை வாங்கிக் கொடுக்காதீர்கள். அப்படிப்பட்ட சில பொடிகளிலேயே ஈயம் இருந்து பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். வீட்டில் விளக்குக் கரியில் செய்யும் கண் மை பரவாயில்லை. கல்லை அரைத்துச் செய்யும் சுர்மா வேண்டாம், அந்தக் கல் பெரும்பாலும் ஈயச் சல்பைடு.

மரத்தை வெட்டவும் வேண்டாம். கிளையில் இருக்கும்போதே பறியுங்கள், கீழே விழுந்ததை ஆட்டுக்கும் போடாமல் குப்பையில் சேருங்கள். குழாயடியில் தேய்த்துக் கழுவி, எவர்சில்வர் தட்டில் நறுக்கி, அப்பத்தா கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். முதலில் பிள்ளையின் கையைக் கழுவிவிட்டு.